புதர் இல்லாத சுலபமான வழி

பயணம் அழைத்துப்போகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. உங்கள் தாளில் ஒவ்வொரு வழிக்கும் எதிரே ‘சுலபம்’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்று அச்சடித்திருக்கிறீர்களே, யாருக்குச் சுலபம்? கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் நான். விசில் ஊதி ஊதி, நாசூக்காகப் பேசுவது எப்படி என்பதே மறந்துபோயிற்று.

முதுகுப்பையை எப்படிக் கட்டுவது, துடுப்பை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்கு நான் எதற்கு? எழுபதுகளில், கேளம்பாக்கத்துக் கால்வாயில், ஒரு பங்குனி மாதத்து நண்பகலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் குழுவை நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். கல்லூரி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, கறுப்பு, காக்கி அரைக்கால் சட்டை. மாதம் ஒரு பயணம், அதுவும் இரண்டாவது சனிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை எங்களில் பாதிப் பேருக்கு ஆராதனை. மீதிப் பேருக்குக் கறிச்சோறும் தூக்கமும். டீச்சர்கள், குமாஸ்தாக்கள், டைப்பிஸ்டுகள், ரயில்வேக்காரர்கள் என்று எல்லோரும் வருவோம். ஆண்கள் மட்டும் போய்க்கொண்டிருந்த குழுவில் பெண்களும் வர ஆசைப்பட்டதால், பெண்களைக் கவனிக்க என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

வழியின் கடினத்தை அளக்க மாஸ்டரிடம் ஒரு கணக்கு இருந்தது. அதைப் பொட்டலக் கணக்கு என்போம். வீட்டிலிருந்து புளிச்சோறு ஒரு பொட்டலம் கட்டி எடுத்துப்போய்ச் சாப்பிட்டுத் திரும்பிவிடலாம் என்றால் அது ஒரு பொட்டலப் பயணம், சுலபம். ராத்திரிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் இரண்டு பொட்டலம். மறுநாளைக்கும் வேண்டுமென்றால் மூன்று பொட்டலம், அதுதான் கடினம்; அது மட்டும் லீவு சேர்ந்து வருகிற மாதத்தில். “அடுத்த மாசம் எத்தனை பொட்டலம் மாஸ்டர்?” என்று கேட்டாலே போதும், யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது தெரிந்துவிடும். நாலு எழுத்து படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோருக்கும் புரிந்த கணக்கு. நாங்கள் அதைப் பற்றிப் பெருமை பேசாத நாளே கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கு பெண்கள் விஷயத்தில் மட்டும் உதைத்தது. ஆந்திர எல்லைக்கு அப்பால் நாகலாபுரம் மலைக்குப் போனோம். மூன்று பொட்டலம். பாறை, ஏற்றம், முழங்கால் தேய்கிற இறக்கம். பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார்கள். “அடுத்து எப்ப மாஸ்டர்?” என்று நச்சரித்தார்கள். அதே பெண்கள் கேளம்பாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரை படகில் போய்வரும் ஒரு பொட்டலப் பயணத்துக்கு வந்தால், திரும்பும்போது பஸ்ஸில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி வாந்தி எடுப்பாள். அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

மாஸ்டருக்கு மண்டை குடைந்தது. “உங்களுக்கெல்லாம் தண்ணின்னா பயம், அதான்” என்று முடிவு கட்டினார். இரும்புலியூர் பக்கம் ஒரு இறவைக் கிணற்றைப் பிடித்து எங்களுக்கு நீச்சல் ஏற்பாடு செய்தார். பழைய பாவாடையும் தொளதொள சட்டையுமாக, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கிணறு அதிரக் கத்திக்கொண்டு நாங்கள் நீந்தக் கற்றுக்கொண்டோம். நல்ல கூத்து அது. எல்லோரும் மீன் மாதிரி நீந்தினோம். அடுத்த படகுப் பயணம் போனோம். திரும்பி வரும்போது பழையபடி தலைவலி.

மாஸ்டருக்கு இன்னொரு பைத்தியம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பூநாரை. பள்ளிக்கரணைச் சதுப்பு அப்போது கண்ணுக்கெட்டிய வரை நீரும் கோரையுமாகக் கிடக்கும். அங்கே போயும் பார்ப்பார், கேளம்பாக்கம் உப்பளத்திலும் பார்ப்பார். தூரத்தில் ஒரு வெளிர் சிவப்புக் கோடு தெரியும். கொஞ்சம் கிட்டே போனாலும் கோடு எழுந்து பறந்துபோய்விடும். “ஒரே ஒரு தடவை கிட்டத்துல பாக்கணும் கிரேஸ். அதோட கண்ணு என்ன கலர்னு தெரியணும், அவ்ளோதான்” என்பார் என்னிடம். சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்பது போலக் கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

சரி, அந்தப் பங்குனிக்கு வருகிறேன். பம்மலில் எஸ்தர் அக்கா என்று ஒருவர். தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட், மூன்று பிள்ளைகள், நாற்பதை நெருங்கும் வயது. புருஷனும் பிள்ளைகளும் இல்லாமல், கல்யாணத்துக்கோ சாவுக்கோ அல்லாமல், சும்மா ஊர் பார்க்க என்று அவர் வீட்டை விட்டு வெளியே வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. புதியவர் என்பதால் மாஸ்டர் அவருக்கென்றே சுலபமான வழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கால்வாய் வழிதான், ஒரே பொட்டலம். அந்தத் தேர்வை அப்போது நீங்களும் செய்திருப்பீர்கள், நானும் செய்திருப்பேன்.

விடியும் முன்பே முதல் பஸ்ஸில் கிளம்பினோம். கேளம்பாக்கத்தில் படகுகள் தயாராக இருந்தன. கேனோ என்று மாஸ்டர் சொல்வார்; பம்மல் பட்டறையில் மரச்சட்டத்தின் மேல் கித்தானை இழுத்துக் கட்டித் தார் பூசிச் செய்தவை. லேசாக இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் சட்டென்று கவிழ்ந்தும் விடும். எங்கள் படகில் முன்னால் எஸ்தர் அக்கா, நடுவில் நான், பின்னால் துரை. துரை பள்ளிக்கரணைக்காரர், கூலிக்குத் துடுப்பு போட வருகிறவர். மாஸ்டர் அடுத்த படகில். மொத்தம் நான்கு படகுகள், பாதிக்குப் பாதி பெண்கள்.

காலையில் எஸ்தர் அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரில் கையை விட்டு விட்டு எடுத்தார். “கிரேஸ், நான் இவ்ளோ பெரிய வானத்தை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல” என்றார். பம்மல் சந்துக்குள் அவருக்கு எங்கே வானம் தெரியப்போகிறது? இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். எனக்கே நெஞ்சு விம்மியது.

வெயில் ஏறியது. எதிர்க்காற்று கிளம்பியது. ஆண்கள் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார்கள். மாஸ்டர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார். “லேடீஸ், எல்லாரும் தண்ணி குடிச்சிங்களா?”

“குடிச்சோம் மாஸ்டர்!” என்று நாங்கள் கோரஸாகச் சொன்னோம்.

“எஸ்தர் அம்மா, எப்படி இருக்கீங்க? கஷ்டமா இருக்கா?”

“பரவாயில்ல மாஸ்டர்.”

கொஞ்ச நேரத்தில் எஸ்தர் அக்காவின் கையிலிருந்த துடுப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தார். நான் பாய்ந்து இடுப்பைப் பிடித்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் உள்ளே வந்தது. துரை துடுப்பைத் தரையில் ஊன்றி நிறுத்தியிராவிட்டால் மூன்று பேரும் உள்ளே போயிருப்போம்.

“இன்னா டீச்சர், அக்காவுக்கு இன்னா ஆச்சு?”

எஸ்தர் அக்காவின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, வலியில் பல்லைக் கடித்தார். நான் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை அசைத்தார்.

“ஒரு வாய் அக்கா.”

“வேணாம்.”

“அரை வாய். எனக்காக.”

“வேணாம் கிரேஸ். குடிச்சா அடக்க முடியாது” என்று என் காதில் மட்டும் சொன்னார். கண்கள் அடுத்த படகுகளில் இருந்த ஆண்களைப் பார்த்தன. அவர் மடியில் பாட்டில் கிடந்தது. கழுத்து வரை நிறைந்திருந்தது. காலையில் வீட்டில் எப்படி நிரப்பினாரோ அப்படியே.

நான் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தேன். உப்பளம். இந்தப் பக்கம் வானம் தொடுகிற வரை தட்டை. அந்தப் பக்கமும் தட்டை. ஒரு மரம் இல்லை, ஒரு பாறை இல்லை, முழங்கால் உயரத்துக்கு ஒரு புதர் இல்லை. மலையில் பத்தடிக்கு ஒரு பாறை. “நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னாடி வர்றோம்” என்றால் முடிந்தது கதை. இங்கே எங்கே ஒதுங்குவது? எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நானும்தான் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே கிளம்பும் நாளில் பெண்பிள்ளை தண்ணீர் குடிக்கமாட்டாள். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, மூச்சு விடுவது போல வந்துவிட்ட பழக்கம். அது ஒரு பயணத்தின் கடினம் என்று எனக்கே அதுவரை தோன்றவில்லை என்றால், பாவம், மாஸ்டருக்கு எப்படித் தோன்றும்?

மாஸ்டரின் படகு பக்கத்தில் வந்தது. அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “நிக்காதீங்க! வேகமா தள்ளுங்க. முட்டுக்காடு போயிட்டா ஏதாவது வண்டி பிடிச்சிரலாம்!”

அவர் சொன்னது தப்பில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் எதிர்க்காற்று. முட்டுக்காடு போய்ச்சேரும் வரை இந்த அம்மாள் ஒரு சொட்டு குடிக்கமாட்டாள். அதற்குள் என்னவும் ஆகலாம். பம்மலில் மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

“மாஸ்டர், போக வேணாம். இங்கயே கரையில நிறுத்துங்க.”

“இந்த வெயில்லயா? பைத்தியமா உனக்கு?”

“நிறுத்துங்க மாஸ்டர்.”

“ஏன்னு சொல்லு!”

ஏன் என்று சொல்ல வேண்டும். எழுபதுகளில், கல்யாணமாகாத ஒரு பெண், அப்பா வயதுள்ள ஒரு ஆண்பிள்ளையிடம், நாலு படகு ஆட்களுக்கு முன்னால். நான் மலையில் சறுக்கி விழுந்திருக்கிறேன், பாம்பை மிதித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த பயம் எதற்கும் வந்ததில்லை.

“அக்கா ஒதுங்கணும் மாஸ்டர். ஒதுங்காம தண்ணி குடிக்க மாட்டாங்க. காலையிலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கல. அவங்க மட்டும் இல்ல, நாங்க யாருமே குடிக்கல. குடிச்சோம்னு சொன்னது பொய்.”

துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு உப்பளத்தைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பார்த்தார். எத்தனையோ தடவை வந்த இடம்தான். அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“ஐயோ ஆண்டவரே” என்றார் மெல்ல. அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் இடுப்பளவு தண்ணீரில் குதித்துவிட்டார். “துடுப்பையெல்லாம் எடுங்கடா! போர்வை எடுங்க!”

ஒரு பொட்டலப் பயணமானாலும் முதுகுப்பையில் ஒரு போர்வை இருந்தே ஆக வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதைச் சுமப்பதற்கு நாங்கள் எத்தனை தடவை முணுமுணுத்திருப்போம்! ஆண்கள் கரைச் சேற்றில் துடுப்புகளை ஊன்றி, போர்வைகளை இழுத்துக் கட்டினார்கள். ஒரு சின்ன அறை. உள்ளே கொஞ்சம் நிழல்கூட வந்தது. எஸ்தர் அக்காவைத் துரையும் மாஸ்டரும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

“இப்ப நாங்க போறோம். அந்தத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்போம். நீங்க கூப்பிடுற வரைக்கும் ஒருத்தனும் திரும்ப மாட்டான். நான் பொறுப்பு” என்றார் மாஸ்டர். ஊன்றாமல் மிச்சமிருந்த துடுப்புகளை வைத்துக்கொண்டு படகுகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எஸ்தர் அக்காவுக்கு நான் உதவி செய்தேன். வெளியே வந்து பார்த்தால், எல்லாப் பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள்! ஒருத்தி பாக்கி இல்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. இத்தனை மாதம் ஒன்றாகப் போய் வந்தும், ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இந்த அவஸ்தை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதற்கப்புறம் எஸ்தர் அக்கா குடித்தார். உப்புப் போட்ட மோர் ஒருத்தியிடம் தூக்குவாளியில் இருந்தது. வாய் வாயாகக் கொடுத்தோம். ஈரத் துணியைத் தலையில் போட்டோம், காலை நீவிவிட்டோம். மோர் தீர்ந்ததும் தண்ணீர், அதில் ஒரு கிள்ளு உப்பு. உப்புக்கு அங்கே பஞ்சமா என்ன? கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு விட்டது. முகத்தில் வேர்வை பூத்தது. வேர்வையைப் பார்த்து நான் ஸ்தோத்திரம் சொன்னது அன்றைக்குத்தான்.

இதற்குப் பிறகு எங்கள் பொட்டலக் கணக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிட்டு, மீதிக்கு வருகிறேன். கட்டுகிற சோறு ஒன்றுதான், ஆனாலும் கால்வாய் வழி மூன்று பொட்டலம் ஆயிற்று. நாகலாபுரம் மலை இரண்டாகக் குறைந்தது. “பொம்பளைங்களுக்காக ரூட்டையே தலைகீழா மாத்திட்டார்” என்று சில ஆண்கள் புலம்பினார்கள். மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது வழி எதுவானாலும், முதலில் எஸ்தர் அக்காவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் அதற்குத் தரம். மத்தியானத்தில் “குடிச்சிங்களா?” என்று கேட்பதை அவர் அடியோடு விட்டுவிட்டார். படகு படகாக வந்து பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்ப்பார். நிறைந்த பாட்டிலைக் கண்டால் அங்கேயே பயணம் நிற்கும். நீங்களும் அதையே செய்யுங்கள். பெண்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். செருப்புக் கடித்த புண்ணை மறைக்கிறவன், நீச்சல் தெரியாது என்பதை மறைக்கிறவன், நெஞ்சு வலியைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறவன், எல்லோரும் உங்களிடம் “பரவாயில்ல” என்றுதான் சொல்லப்போகிறார்கள். வழி எவ்வளவு கடினம் என்பதை வழி மட்டும் சொல்லாது. அவர்கள் வாயும் சொல்லாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த நண்பகலின் மீதி.

எஸ்தர் அக்கா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். நாங்கள் போர்வை நிழலில் ஒடுங்கி, அசையாமல் உட்கார்ந்திருந்தோம். படகு இல்லை, ஆண்கள் இல்லை, பேச்சு இல்லை. உப்பளத்துக்கே நாங்கள் இருப்பது தெரிந்திருக்காது. முதலில் ஒரு சத்தம், வாத்துக் கூட்டம் பேசுவது மாதிரி. பிறகு நிழல்கள் எங்கள் மேல் ஓடின. பிறகு அவை இறங்கின.

பூநாரைகள். நூற்றுக்கணக்கில். எங்களுக்கு எதிரே இருந்த பாத்தியில், கல்லெறிந்தால் விழுகிற தூரத்தில் இறங்கின. போர்வை இடுக்கு வழியாகப் பார்த்தோம். அந்த நீளக் கால்கள், மடங்குகிற முட்டி, தண்ணீருக்குள் தலைகீழாகப் போகிற அலகு. சிறகை விரித்தால் உள்ளே சிவப்பு, ரத்தச் சிவப்பு. ஒன்று எங்களை நோக்கி நடந்து வந்து நின்றது. கண் மஞ்சள். வெளிர் மஞ்சள், நடுவில் கறுப்புப் பொட்டு. பக்கத்தில் இருந்தவள் என் கையை நசுக்கினாள். எஸ்தர் அக்கா எழுந்து உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவே இல்லை.

அப்போது திருப்பத்துக்கு அப்பாலிருந்து துரையின் குரல் காற்றில் வந்தது.

“மாஸ்டர்! பட்சிங்கோ சத்தம் கேக்குது பாரு! பின்னாடிதான் எறங்கிகினு கீது!”

“கேக்குது.”

“இன்னா மாஸ்டர், இத்தினி வருசமா இதுக்குத்தானே அலையிற? லைட்டா திரும்பிப் பாரேன்!”

“திரும்பாதே துரை. சொல்லியிருக்கேன்ல.”

போர்வையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். கால்வாய் வளைவில், தூரத்தில், படகுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் மாஸ்டர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு முதுகு. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். தலை ஒரு இம்மிகூடத் திரும்பவில்லை. வாழ்க்கை முழுக்க எதைப் பார்க்க ஆசைப்பட்டாரோ, அது அவருக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தது. மலை, அருவி, கடல் எல்லாம் பார்த்தவள் நான். அந்த முதுகைப் பார்த்தபோது ஏற்பட்ட பிரமிப்பு வேறெங்கேயும் ஏற்படவில்லை.

எஸ்தர் அக்காவும் பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் சாகக் கிடந்த அந்த அம்மாள், போர்வையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, இரண்டு கையையும் தூக்கி, உப்பளமே அதிரக் கத்தினார்.

“மாஸ்டர்! திரும்புங்க! திரும்புங்க மாஸ்டர்!”

பூநாரைக் கூட்டம் மொத்தமும் எழுந்தது. வானம் சிவந்தது. சிறகுச் சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது. நேராகக் கால்வாய் மேல், படகுகளின் மேல், மாஸ்டரின் தலைக்கு மேல் போயின. ஆண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கூவினார்கள்.

மாஸ்டர் திரும்பினார். அண்ணாந்து பார்க்கவில்லை. கரையில் எழுந்து நிற்கிற எஸ்தர் அக்காவைப் பார்த்து, தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி வந்தார். பறவைகளின் நிழல் அவர் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

“தண்ணி குடிச்சியாம்மா?” என்று கேட்டார்.